டிரெட்மில்லில் துணி காய்கிறது

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 72 வயது. கப்பல் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பிறகு கொஞ்ச நாள் பாதுகாவலர். அதையும் விட்டு நாலு வருஷம் ஆகிறது. அம்மா இப்போது இல்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. டாக்டர் நடக்கச் சொல்கிறார் என்று டிரெட்மில் வாங்கி வைத்தோம். ஒரு வாரம் நடந்தார். இப்போது அதில் துணி காய்கிறது. எடுத்துச் சொன்னால் எரிந்து விழுகிறார். வயதானவர்களுக்கு உடற்பயிற்சியில் எப்படித்தான் ஆர்வம் வரவழைப்பது?"

ஆர்வம் வராதும்மா. வர வேண்டிய அவசியமும் இல்லை. நான் பிசியோதெரப்பிஸ்ட். முதலில் மருத்துவமனையில், இப்போது அக்கம்பக்க நிலையங்களில், இருபது வருஷத்துக்கு மேலாக வயதானவர்களை உட்கார வைத்து எழுப்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். எனக்கே உடற்பயிற்சியில் ஆர்வம் கிடையாது. காலையில் அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிற ஆள்தான் நானும். என்னிடம் வருகிறவர்களில் வருஷக்கணக்காகத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 'எக்சர்சைஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு வேறு ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. அதற்குப் போகிற வழியில் உடற்பயிற்சி இருக்கிறது, செய்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த 'வேறு ஏதோ ஒன்று' எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நீங்கள் எழுதியதில் 'கப்பல் பட்டறை' என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். செம்பவாங்கிலும் ஜூரோங்கிலும் வெயிலில் இரும்போடு இரும்பாக வெந்து, ஏணி ஏறி, ஓவர்டைம் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறை அது. அவர்கள் கணக்கில் உடம்பை வருத்தினால் அதற்குக் கூலி வர வேண்டும். ஓர் இடத்துக்கும் போய்ச் சேராமல், ஒரு பெல்ட்டின் மேல் சுவரைப் பார்த்தபடி அரை மணி நேரம் நடப்பது அவர்களுக்குக் கோமாளித்தனமாகப் படுகிறது. "உழைச்ச உடம்பு தம்பி, இனிமே ஓய்வு" என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓய்வு அவர்கள் சம்பாதித்தது. நாம் போய் "எழுந்து நடங்கப்பா" என்றால், சம்பாதித்ததைப் பிடுங்க வந்த மாதிரி இருக்கிறது. எரிந்து விழாமல் என்ன செய்வார்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டிய பழைய ஆய்வுகளில் ஒன்று 1953-இல் லண்டனில் வெளிவந்தது. ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர், இரட்டைமாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி என்று நினைத்து எதையும் செய்யவில்லை, டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். வேலையை விட்ட அன்று அந்த ஏற்ற இறக்கமெல்லாம் நின்றுபோனது. சோற்றின் அளவு மட்டும் நிற்கவில்லை.

அடுத்தது, பயமுறுத்துவது. "சர்க்கரை ஏறினா காலை எடுக்கணும்", "ஸ்ட்ரோக் வந்தா யார் பார்ப்பா?" என்று பிள்ளைகள் சொல்வார்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம். இது இரண்டு வாரம் வேலை செய்யும். பிறகு பயமும் பழகிவிடும், சில சமயம் பயமே ஆளை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு கருத்து இங்கே உதவும். தமக்கு மீதியிருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்கள், தொலைதூர லாபத்துக்காக இன்றைய நாளை அடகு வைப்பதில்லை. இப்போதே மனத்துக்கு நிறைவு தருவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து மாரடைப்பு வராமல் இருக்கும் என்ற பேச்சு நாற்பது வயதுக்காரருக்கு எடுபடலாம். 72 வயதுக்காரர் மனத்துக்குள், "பத்து வருஷமா? பார்க்கலாம்" என்று சிரித்துக்கொள்வார். அதே மனிதரிடம் "சனிக்கிழமை பேரன் ஃபுட்பால் ஆடுறான், திடல் வரைக்கும் நடக்க முடியுமாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 74 வயது, ஈசூனில் இருந்தார். முழங்கால் வலி என்று வந்தார். ஆறு பயிற்சிகள் படம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அந்தத் தாள் மடிப்புக்கூடக் கலையாமல் கைப்பையில் அப்படியே இருந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. எனக்குக் கோபம். கோபத்தோடுதான் கேட்டேன்: "ஏம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கோயில்ல எல்லாரும் தரையில உட்கார்ந்திருக்காங்க. நான் மட்டும் ஓரமா நாற்காலியில. உட்கார்ந்துட்டா என்னை எழுப்ப ரெண்டு பேர் வேணும். நாலு பேர் பார்ப்பாங்க."

அந்தப் படத்தாளைக் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒரே ஒரு பயிற்சி, தரைக்குப் போவது, தரையிலிருந்து வருவது. முதலில் உயரமான நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. பிறகு சாப்பாட்டு மேசை நாற்காலி. பிறகு பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் முக்காலி. கடைசியில் தரை. தரையில் பாய், முழங்கால் படும் இடத்தில் மடித்த துண்டு, பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. உட்கார்ந்த நிலையிலிருந்து ஒருக்களித்துத் திரும்பி, ஒரு கையை ஊன்றி முட்டிபோட்டு, நாற்காலியைப் பிடித்து, வலுவான காலை முன்னால் வைத்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். முதல் நாள் முட்டி போட்டதோடு அழுதுவிட்டார். நாலு மாதம் பிடித்தது. ஒரு புரட்டாசி சனிக்கிழமை சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தரையில் உட்கார்ந்து, யாரும் கை கொடுக்காமல் எழுந்துவிட்டு, அடுத்த வாரம் வந்து சொன்னார்: "எழுந்துட்டேன் தம்பி. கொசுவம் மட்டும் அவுந்துபோச்சு." அவர் முழங்கால் வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் பயிற்சியை அவர் விடவேயில்லை.

இதைத்தான் உங்கள் அப்பா விஷயத்திலும் தேட வேண்டும். "என்ன எக்சர்சைஸ் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். "முன்னாடி செஞ்சு இப்ப செய்ய முடியாம போனது என்னப்பா?" என்று கேளுங்கள். அதையும் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் ஆண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கோப்பிக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு எதையோ பார்த்துக்கொண்டு கேளுங்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பால்குடத்தோடு நடந்தவராக இருப்பார். ஊருக்குப் போனால் பழனிப் படி ஏறியவராக இருப்பார். தேக்கா ஈரச்சந்தையில் மீன் பேரம் பேசி வாங்கியவராக இருப்பார். உங்கள் அம்மாவோடு சேர்ந்து செய்த ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் அதைத் தொடாதீர்கள், அவரே தொடட்டும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆசை இருந்தும் எழாமல் இருப்பதற்கு வெளியே சொல்லாத காரணங்கள் உண்டு, இவற்றைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறோம். விழுந்துவிடுவோமோ என்ற பயம் முதலாவது. குளியலறையில் ஒரு தடவை சறுக்கியிருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் தனியாக வெளியே விட மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். சர்க்கரை நெடுநாளாக இருந்தால் பாதத்தில் உணர்வு குறையலாம். கால் எங்கே இருக்கிறது என்று கீழே பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்டவரைத் தானாக ஓடுகிற பெல்ட்டின் மேல் ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் நடந்தாரே, அதுவே பெரிது. அடுத்து, சிறுநீர். ரத்தக் கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும், ஆண்களுக்கு வயதாக ஆகப் புராஸ்டேட் தொல்லையும் சேரும். பூங்காவில் கழிவறை எங்கே என்று தெரியாமல் எந்தப் பெரியவரும் நடக்கக் கிளம்ப மாட்டார். மகளிடம் அதைச் சொல்லவும் மாட்டார். வழியில் எங்கெங்கே கழிவறை என்று நீங்கள் முதலில் பார்த்துவைத்துவிட்டு, அந்த வழியாகக் கூட்டிப் போங்கள். ஏன் அந்த வழி என்று விளக்கம் சொல்ல வேண்டாம்.

பயத்தை வாயால் போக்க முடியாது. செய்து பார்த்து 'அட, முடிகிறதே' என்று ஆனால்தான் போகும். அதனால் முதல் இலக்கு தோற்கவே முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து மின்தூக்கி, கீழ்த்தளத்தில் ஒரு சுற்று, திரும்பி வருவது. அவ்வளவுதான். நான் முதல் நாள் ஒருவருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர் மறுபடி வருவார், "அம்மாடி" என்று போகிறவர் வர மாட்டார்.

"இந்த வயசுல இனிமே என்ன வலு வரும்?" என்பது பெரியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு நான் வைத்திருக்கும் பதில் 1990-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் குழுவினரும், பராமரிப்பு இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பேரின் சராசரி வயது 90. முடிவு வரை செய்த ஒன்பது பேரின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஆரம்பத்தில் வலு மிகக் குறைவாக இருந்ததால்தான் விழுக்காடு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். அப்படியும் 90 வயதுத் தசை கூட்டினால் கூடுகிறது. இதை நம்புவதற்கே தனி மதிப்பு உண்டு போலிருக்கிறது. முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் அப்படி நினைக்காதவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று பெக்கா லீவி என்ற ஆய்வாளர் 2002-இல் எழுதினார். இதைப் படித்த பிறகு நான் வகுப்பில் "வயசாச்சில்ல, மெதுவா" என்று சொல்வதை விட்டுவிட்டேன். வாய் தவறி இன்னும் வருகிறது.

இனித் துணை. நான் இத்தனை வருஷத்தில் கண்டதில் எல்லாவற்றையும்விட வலுவானது இதுதான். அம்மா இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். மனைவி போன பிறகு ஆண்களுக்கு, "எங்கே போனீங்க, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது. மகள் கேட்டால் அது கண்டிப்பு மாதிரி இருக்கும். அதையே ஒரு கூட்டாளி கேட்டால் உரிமை. காலையில் ஏழு மணி வாக்கில்தான் இங்கே விடிகிறது. அந்த நேரத்தில் எந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனாலும் பார்க்கலாம், ஆறேழு பேர் கையை வீசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் ஃபோன் போடுவார்கள். ஃபோன் வரும் என்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. அங் மோ கியோவில் எனக்குத் தெரிந்த ஓர் ஐயா, பயிற்சி முடிந்து குடிக்கும் கோப்பி ஓ கோசோங்குக்காக, பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தக் கோப்பிக்காகத்தான் வருவதாக வெளிப்படையாகவே சொல்வார். பயிற்சியின்போது பாதி நேரம் பேச்சுத்தான். இருக்கட்டுமே, எழுந்து உடுத்தி நடந்து வந்து நின்றுகொண்டு பேசுகிறாரா இல்லையா?

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூத்தோர் கூடிப் பயிற்சி செய்யும் துடிப்பான மூப்படைதல் நிலையங்கள் இப்போது தீவு முழுக்க வந்துவிட்டன. நாற்காலிப் பயிற்சி, ரப்பர் பட்டைப் பயிற்சி, நடனம் எல்லாம் நடக்கின்றன. சில வருஷங்களுக்கு முன் தமிழ்ப் பெரியவர் ஒருவரை நானே ஒரு நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஒரு மணி நேரமும் மாண்டரினில் போனது. பாட்டும் மாண்டரின். எல்லோரும் ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தபோது இவர் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுவாரம் "கால் வலி" என்றார். அது கால்வலி இல்லை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. தவறு என்னுடையதுதான், முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். நிலையத்தில் தமிழ் பேசும் தொண்டூழியர் யார், எந்த நாளில் தமிழர்களோ மலாய்க்காரர்களோ அதிகம் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். உங்கள் அப்பா பட்டறையில் இருந்தவர். பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், சரளமாக வரும். மலாய்ப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும், ஊர்க்கதை பேசியே பொழுது போய்விடும். ஒரு நிலையம் சரிப்படவில்லை என்றால் அடுத்த பேட்டையில் இன்னொன்றைப் பாருங்கள், பிடிவாதம் வேண்டாம்.

பெண்களுக்கு உடை ஒரு தடை. டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு கையைத் தூக்க வெட்கம், "இந்த வயசுல என்ன ஆட்டம்" என்ற மருமகளின் பார்வை. பஞ்சாபி உடையோடு தாராளமாகச் செய்யலாம். செருப்பு மட்டும் கழன்று விழாததாக இருக்கட்டும்.

பரிசுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-இல் தேசிய அளவில் காலடிச் சவாலைத் தொடங்கியது. கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு நடந்தால் புள்ளிகள் சேரும், புள்ளிகளுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்கும். இப்போது ஹெல்தி 365 செயலியில் அது தொடர்கிறது. கிண்டல் செய்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். அஞ்சு வெள்ளி பற்றுச்சீட்டு பேரங்காடியில் அரிசி வாங்கப் பயன்படுவதைவிட, "இது நான் நடந்து சம்பாதிச்சது" என்று பேரனிடம் காட்டத்தான் அதிகம் பயன்படுகிறது. மேலே கூலி என்று சொன்னேனே, அந்த மனசுக்கு இது ஒத்துப்போகிறது. ஆனால் பற்றுச்சீட்டுக்காக மட்டும் நடக்கிறவர், புள்ளி குறைந்தால் நடையையும் குறைத்துவிடுகிறார். சோபாவில் உட்கார்ந்துகொண்டே கையை ஆட்டிக் காலடி ஏற்றுகிற ஒரு தாத்தாவையும் எனக்குத் தெரியும். தோள்பட்டைக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

காலடி என்றதும் பத்தாயிரம் என்ற எண் எல்லோர் வாயிலும் வருகிறது. அது 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, 'பத்தாயிரம் காலடி மீட்டர்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஆய்வு நடத்திக் கண்டறிந்த எண் அல்ல. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களைப் பார்த்தார்கள். நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது, ஏறத்தாழ 7,500-க்கு மேல் போனால் கூடுதல் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் பத்தாயிரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்போது எவ்வளவு நடக்கிறார் என்று ஒரு வாரம் சும்மா எண்ணிப் பாருங்கள். அதைவிட ஐந்நூறு கூட்டுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு. 65 வயதுக்கு மேல் அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை, மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி. நடை மட்டும் போதாது என்பதைத்தான் நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. வலுவைப் பார்க்க ஒரு சுலபமான வழி: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி வைத்த நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது ஆணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு, விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். போட்டி என்றால் அப்பாக்கள் எழுந்துவிடுவார்கள்.

பேச்சில் இரண்டு விஷயம். "குட் ஜாப் பா!" என்று கைதட்டாதீர்கள். குழந்தைக்குச் சொல்வதை நமக்குச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியும். அதைவிட அவரால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கட்டும். "அப்பா, சின்னவனை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கூட்டிட்டு வர முடியுமா? எனக்கு லேட்டாகுது" என்பது உத்தரவு போல ஒலிக்காது, உதவி கேட்பது போல இருக்கும். தினமும் ஒரே நேரம், ஒரே வழி. கொஞ்ச நாளில் அந்த வழியில் அவருக்கென்று நாலு தெரிந்த முகம் வந்துவிடும். அதற்காக வீட்டு வேலை முழுக்க அவர் தலையில் கட்டிவிடாதீர்கள், அப்படியும் சில வீடுகளில் நடக்கிறது.

தொடங்குவதற்கு முன் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுக்கிறார் என்றால் வெறும் வயிற்றில் நடக்க விடாதீர்கள், சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். நடந்து வந்ததும் பாதத்தைப் பாருங்கள், கொப்புளம் வந்திருந்தால் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், பேச முடியாத அளவுக்கு மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். உச்சி வெயிலில் வேண்டாம்.

டிரெட்மில்லை, பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் போட்டுவிடுங்கள். வாங்குகிறவர் வந்தால், அதைக் கீழே இறக்க அப்பா கை கொடுக்க வருவார். பட்டறையில் இருந்தவர், சும்மா நிற்க மாட்டார். அவரைத் தூக்க விடாமல், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், மின்தூக்கியில் எப்படி நுழைக்க வேண்டும் என்று சொல்லும் மேற்பார்வை வேலையைக் கொடுங்கள். கீழே போனபிறகு மறுபடி மேலே கூட்டிவர அவசரப்படாதீர்கள். அப்படியே கோப்பிக்கடை வரைக்கும் நடங்கள்.